சட்டம் வாங்கித் தந்தவர் வீட்டுக் கல்யாணம்

1878-ம் ஆண்டு மார்ச் மாதம் 6-ந் தேதி.

வங்காளத்தின் வடக்கே, இமயமலை அடிவாரத்தை ஒட்டி கூச்பிகார் என்று ஒரு சமஸ்தானம். அங்கே இளம் மகாராஜாவுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளையின் பெயர் நிருபேந்திர நாராயணன். வயது 15. மணப்பெண் சுநீதி. வயது 13. கல்கத்தாவில் இருந்து வந்த பெண்.

கல்யாணம் என்றால், பெண்ணைப் பெற்றவர்தானே தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும்? சுநீதியின் தகப்பனார் உயிரோடுதான் இருந்தார். அன்று அதே ஊரில்தான் இருந்தார். ஆனால் அவர் மணவறையில் உட்காரவில்லை. உட்கார விடவில்லை! அவர் கடல் கடந்து சீமைக்குப் போய் வந்தவர், ஜாதி ஆசாரத்தை விட்டவர், அவர் கை பட்டால் சடங்கு கெட்டுவிடும் என்று அரண்மனைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக அவருடைய தம்பி உட்கார்ந்து பெண்ணைக் கொடுத்தார்.

யார் அந்தத் தகப்பனார்?

புரோகிதர் வேண்டாம், ஹோமம் வேண்டாம், ஜாதி பார்க்க வேண்டாம், ரிஜிஸ்திரார் முன்னிலையில் இருவரும் சம்மதம் சொன்னால் அது கல்யாணம்தான் என்று வெள்ளைக்கார சர்க்காரிடம் போராடிச் சட்டம் வாங்கித் தந்தவர். அந்தச் சட்டத்திலே ஆணுக்கு 18, பெண்ணுக்கு 14 என்று வயது வரம்பு வைக்கக் காரணமாக இருந்தவர்.

ஆம்! அவர்தான் கேசவ சந்திர சென்.

பெரிய வீட்டுப் பிள்ளை

கேசவ சந்திர சென் 1838-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். வைத்திய ஜாதி. பாட்டனார் ராம்கமல் சென் பெரும் புள்ளி. நாணயம் அடிக்கும் சாலையில் திவானாக இருந்தவர். வங்காளி மொழிக்கு ஆங்கில அகராதி தொகுத்தவர். பழுத்த வைணவர். வீட்டிலே பூஜை, பஜனை எதற்கும் குறைவு கிடையாது.

கேசவருக்குப் பத்து வயதானபோது தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் சாரதாதேவி வளர்த்தார். கேசவர் இந்து கல்லூரியில் படித்தார். ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடாக வந்தது.

18-வது வயதில் அவருக்கே கல்யாணம் ஆயிற்று. பெண் ஜகன்மோகினிக்குச் சுமார் பத்து வயது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. வீட்டுப் பெரியவர்கள் நாள் பார்த்தார்கள், கேசவர் தலையை நீட்டினார். கல்யாணம் ஆன புதிதில் அவர் மனைவியோடு பேசிச் சிரித்ததே குறைவு. எந்நேரமும் படிப்பு, பிரார்த்தனை, தனிமை என்றே இருந்தார்.

மறு ஆண்டு, 1857-ல், அவர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார்.

பிரம்ம சமாஜம் என்பது ராஜாராம் மோகன்ராய் 1828-ல் தொடங்கிய சபை. கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை, விக்கிரக வழிபாடு கூடாது என்பது அதன் கொள்கை. ராய்க்குப் பிறகு அதைக் கட்டிக் காத்தவர் தேவேந்திரநாத் தாகூர். மகாகவி ரவீந்திரநாத் தாகூரின் தகப்பனார் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

தேவேந்திரருக்குக் கேசவர்மீது அளவில்லாத பிரியம். 1859-ல் அவர் இலங்கைக்குக் கப்பலில் போனபோது கேசவரையும் உடன் அழைத்துப் போனார். கடல் தாண்டுவது பாவம் என்று நினைத்த காலம் அது. வீட்டில் சொன்னால் விடுவார்களா? கேசவர் சொல்லாமலே கப்பல் ஏறிவிட்டார்!

திரும்பி வந்து சிறிது காலம் பாங்கியில் குமாஸ்தா வேலை பார்த்தார். 1861-ல் அதையும் உதறிவிட்டு முழுநேரச் சமாஜத் தொண்டர் ஆனார்.

வாசல் தாண்டிய மனைவி

1862-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி. வங்காளிகளுக்குப் புத்தாண்டு. அன்று கேசவரைச் சமாஜத்தின் ஆசாரியராக அமர்த்த தேவேந்திரர் ஏற்பாடு செய்திருந்தார். அதுவரை பிராமணர் அல்லாத ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்ந்ததில்லை.

மனைவியும் உடன் வரவேண்டும் என்று கேசவர் விரும்பினார். குடும்பத்தார் கொதித்து எழுந்தார்கள். வீட்டு மருமகள் தாகூர் வீட்டுப் படி ஏறுவதா என்று தடுத்தார்கள். ஜகன்மோகினி சின்னஞ்சிறு பெண். ஒரு பக்கம் மாமியார் வீடு முழுவதும். மறு பக்கம் கணவர் ஒருவர். அந்தப் பெண் கணவருக்குப் பின்னால் நடந்தார். வாசலைத் தாண்டினார்.

தாண்டியது தாண்டியதுதான். இனி வீட்டுக்குத் திரும்ப வேண்டாம் என்று குடும்பத்தாரிடமிருந்து சேதி வந்தது. கேசவரும் மனைவியும் பல மாதம் தேவேந்திரர் வீட்டிலேயே தங்கினார்கள். ரவீந்திரர் அப்போது ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை.

பின்னால் குடும்பத்தார் மனம் மாறிச் சேர்த்துக் கொண்டார்கள். ஆனாலும் சடங்கை எதிர்த்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை அந்தத் தம்பதிகள் நன்றாகப் பார்த்துவிட்டார்கள்.

சென்னையில் கேசவர்

1864-ல் கேசவர் சென்னைக்கும் பம்பாய்க்கும் வந்தார். அவருடைய பேச்சு மடை திறந்த வெள்ளம். அந்த ஆண்டிலேயே சென்னையில் வேத சமாஜம் என்று ஒரு சபை தோன்றியது. கல்யாணச் சடங்கு, சாவுச் சடங்கு இரண்டையும் மதச் சிறப்பு எதுவும் இல்லாத வெறும் வழக்கமாகவே கருதுவோம் என்று அதன் அங்கத்தினர்கள் உறுதி எடுத்துக் கொண்டார்கள். 1864-ல், சென்னையில்! பிறகு ஸ்ரீதரலு நாயுடு என்ற அன்பர் 1871-ல் அதைத் தென்னிந்திய பிரம்ம சமாஜமாக மாற்றினார்.

கல்கத்தாவிலோ குருவுக்கும் சீடருக்கும் மனவேற்றுமை வளர்ந்தது. காரணம் பூணூல். பூணூல் அணிந்தவர்கள் வேதிகையில் அமர்ந்து பிரார்த்தனை நடத்தக் கூடாது என்பது கேசவர் கட்சி. தேவேந்திரர் முதலில் இணங்கினார். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. சமாஜக் கட்டடம் சேதமாகவே, பிரார்த்தனை தேவேந்திரர் வீட்டுக்கு மாறியது. அங்கே பழைய பூணூல்காரர்கள் மீண்டும் வந்து அமர்ந்தார்கள். வாலிபர்கள் வெளியேறினார்கள். 1866 நவம்பரில் கேசவர் தலைமையில் பாரத பிரம்ம சமாஜம் தனியாகத் தொடங்கியது. பழைய சமாஜம் ஆதி பிரம்ம சமாஜம் ஆயிற்று.

கேசவருடன் போனவர்கள் வாலிபர்கள். துடிப்புள்ளவர்கள். ஜாதி விட்டு ஜாதி கல்யாணம் செய்தார்கள். விதவைகளை மணந்தார்கள். இதில்தான் ஒரு பெரிய சிக்கல் முளைத்தது.

செல்லுமா, செல்லாதா?

அப்போது நாட்டில் கல்யாணத்துக்கு ஒரே சட்டம் கிடையாது. இந்துக்களுக்குச் சாஸ்திரம். முஸ்லிம்களுக்கு நிக்காஹ். கிறிஸ்தவர்களுக்கு அவர்கள் கல்யாணச் சட்டம். இதில் எதிலும் சேராதவர்கள் கல்யாணம் செய்து கொண்டால்?

பிரம்ம சமாஜக் கல்யாணத்தில் விக்கிரகம் இல்லை, அக்கினி வளர்ப்பது இல்லை, சப்தபதி இல்லை. 1861-ல் தேவேந்திரர் தம் மகள் சுகுமாரியின் கல்யாணத்தை அப்படி நடத்தியதுதான் தொடக்கம். கடவுளைப் பிரார்த்தித்து, மணமக்கள் உறுதிமொழி சொல்லுவார்கள். அவ்வளவுதான். மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆனால் கோர்ட்டில் நிற்குமா?

சர்க்காரின் பெரிய வக்கீலான அட்வொகேட் ஜெனரலிடம் கேசவர் கட்சியினர் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. இந்தக் கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்றார்.

செல்லாது என்றால் என்ன பொருள்? கணவன் இறந்தால் மனைவிக்குச் சொத்தில் உரிமை கேட்க முடியாது. பிள்ளைகள் வாரிசு ஆக முடியாது. கணவன் நாளைக்கே வேறொருத்தியைக் கட்டிக் கொண்டால், நான்தான் மனைவி என்று இந்தப் பெண் வழக்காட முடியாது. கொள்கைக்காக ஆண்கள் செய்த துணிச்சலுக்குப் பெண்களும் குழந்தைகளும் அல்லவா தண்டனை அனுபவிக்க வேண்டும்?

கேசவருக்கு இது உறுத்தியது. சர்க்காருக்கு மனு கொடுத்தார். வைஸ்ராய் லாரன்ஸ் பிரபு அவரிடம் மதிப்பு வைத்திருந்தவர். 1868-ல் கேசவர் சிம்லாவுக்கே போனார். சட்ட மந்திரியாக இருந்த ஹென்றி மெயின் அந்த ஆண்டே ஒரு மசோதா கொண்டுவந்தார். மதச் சடங்கு வேண்டாம் என்கிற எந்த இந்தியரும் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. பெற்றோர் சொல் கேளாமல் பிள்ளைகள் ஓடிப்போவார்கள், ஜாதியும் குடும்பமும் சிதறும் என்று மாகாணம் மாகாணமாகச் சொன்னார்கள். மெயின் வேலைக்காலம் முடிந்து ஊர் திரும்பினார். மசோதா உறங்கியது.

சீமைப் பயணம்

1870-ல் கேசவர் இங்கிலாந்துக்குப் போனார். ஊர் ஊராகப் பேசினார். வெள்ளைக்காரர் நாட்டிலேயே நின்று, இந்தியாவை ஆளுகிற வெள்ளைக்காரர்களின் குறைகளை எடுத்துச் சொன்னார். விக்டோரியா மகாராணி அவரை அழைத்துப் பேசினார். அரண்மனையில் அவருக்கு மரக்கறி உணவு பரிமாறினார்கள். கேசவர் மாமிசம் தொடாதவர்.

ஊர் திரும்பியதும் கேசவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. சுலப சமாச்சார் என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். விலை ஒரு பைசா! எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் புரியும் எளிய வங்காளி நடை. கடைக்காரர்களும் கூலிக்காரர்களும் வாங்கினார்கள். காசுள்ளவர்களுக்கு மட்டுமே பத்திரிகை என்றிருந்த காலத்தில் அது பெரிய புதுமை.

டாக்டர்களுக்குக் கடிதம்

கல்யாணச் சட்டத்தை அவர் மறக்கவில்லை. 1871-ல் கல்கத்தாவின் பெரிய டாக்டர்கள் பலருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த நாட்டுப் பெண் எந்த வயதில் கல்யாணம் செய்துகொள்ளலாம்? உடம்புக்குக் கெடுதல் வராத குறைந்த வயது எது? உங்கள் அனுபவத்தைக் கொண்டு சொல்லுங்கள் என்று கேட்டார்.

எட்டு வயதிலும் பத்து வயதிலும் தாலி ஏறிய காலம். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று பண்டிதரிடம் கேட்பதுதான் வழக்கம். கேசவர் டாக்டரிடம் கேட்டார்! வெள்ளைக்கார டாக்டர்களும் வங்காளி டாக்டர்களும் பதில் எழுதினார்கள். 16 வயதாவது ஆகட்டும் என்பது புகழ்பெற்ற டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் போன்றவர்களின் கருத்து. உடனே அவ்வளவு தூரம் போனால் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று எண்ணி, இப்போதைக்கு 14 என்று முடிவாயிற்று.

இந்த 14 என்ற எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு கையெழுத்து

மெயினுக்குப் பின் வந்த சட்ட மந்திரி ஜேம்ஸ் ஸ்டீபன். 1872-ம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியவரும் இவரே. எல்லோருக்கும் வேண்டாம், பிரம்ம சமாஜத்தாருக்கு மட்டும் ஒரு சட்டம் செய்வோம் என்று பார்த்தார். அதற்கும் எதிர்ப்பு. எதிர்த்தவர்கள் வைதிகர்கள் அல்ல. பழைய குரு தேவேந்திரரின் ஆதி சமாஜத்தார்! நாங்களும் இந்துக்களே, எங்கள் கல்யாணம் இந்துக் கல்யாணமே, எங்களைத் தனியாக ஒதுக்காதீர்கள் என்றார்கள். இரண்டு கட்சியாரும் பண்டிதர்களைத் தேடி ஓடி, தங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கி வந்தார்கள்.

கடைசியில் ஸ்டீபன் ஒரு வழி கண்டார். சட்டத்தில் பிரம்ம சமாஜம் என்ற பெயரே வேண்டாம். யார் வேண்டுமானாலும் இந்தச் சட்டப்படி மணந்து கொள்ளலாம். ஆனால் மணமக்கள் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இந்து மதத்தைச் சேர்ந்தவன் அல்ல, கிறிஸ்தவன் அல்ல, யூதன், முஸ்லிம், பார்சி, பௌத்தன், சீக்கியன், ஜைனன் எதுவும் அல்ல என்று கையெழுத்துப் போட வேண்டும்.

எத்தனை பெரிய கையெழுத்து அது! பிறந்த வீட்டையும் வளர்ந்த உறவையும் ஒரு வரியில் துறக்கச் சொல்லும் கையெழுத்து. பல பேர் அங்கேயே பின்வாங்கினார்கள். கேசவர் ஏற்றுக் கொண்டார். தன் இளைஞர்களின் மனைவி மக்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதற்கு இதுதான் விலை என்றால் கொடுப்போம் என்று முடிவு செய்தார்.

1872-ம் ஆண்டு மார்ச் மாதம் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டின் 3-வது சட்டம். அதற்கு முந்தின மாதம்தான் வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானில் ஒரு கைதியின் கத்திக்கு இரையாகியிருந்தார். சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு கல்கத்தா போய்த் தற்காலிக வைஸ்ராயாக இருந்தார். சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள நேப்பியர் பாலத்துக்குப் பெயர் தந்தவர் இவர்தான். அவர் நாளில்தான் சட்டம் வந்தது.

சட்டத்தில் என்ன இருந்தது? 14 நாள் முன்னதாக ரிஜிஸ்திராருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ரிஜிஸ்திராரும் மூன்று சாட்சிகளும் இருக்க, மணமக்கள் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும். மந்திரம் கட்டாயம் இல்லை. ஜாதி கேள்வி இல்லை. விதவையும் மணக்கலாம். ஒருவனுக்கு ஒருத்திதான், மனைவி உயிரோடு இருக்க இன்னொருத்தியை மணந்தால் தண்டனை. ஆணுக்கு 18 வயதும் பெண்ணுக்கு 14 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். 21 வயது ஆகாதவர்களுக்குத் தகப்பனாரின் சம்மதமும் தேவை.

இன்றைக்கும் பதிவு ஆபீசில் மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்களே, அந்த வழக்கம் இங்கிருந்து வருவதுதான்.

அரண்மனைச் சம்பந்தம்

ஆறு ஆண்டுகள் ஓடின. கேசவரின் புகழ் உச்சியில் இருந்தது. அப்போது ஒரு தூது வந்தது.

கூச்பிகார் மகாராஜா சிறுவர். தகப்பனார் இறந்ததால் வெள்ளைக்கார சர்க்காரே அவரை வளர்த்துப் படிக்க வைத்தது. மேல் படிப்புக்குச் சீமைக்கு அனுப்பத் திட்டம். கல்யாணம் ஆகாமல் பையனைக் கடல் கடந்து அனுப்ப மாட்டோம் என்று அரண்மனைப் பெண்கள் பிடிவாதம் பிடித்தார்கள். படித்த பெண்ணாக, சீர்திருத்தக் குடும்பத்துப் பெண்ணாகப் பார்க்க வேண்டும் என்பது சர்க்காரின் எண்ணம். கேசவரின் மூத்த மகள் சுநீதிமீது அவர்கள் கண் விழுந்தது.

சுநீதி பிறந்தது 1864 செப்டம்பர். 14 வயது நிரம்ப இன்னும் ஆறேழு மாதம் வேண்டும். மாப்பிள்ளைக்கு 18 ஆக இன்னும் இரண்டரை ஆண்டு.

கேசவர் தயங்கினார். சர்க்கார் அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். இது நிச்சயதார்த்தம் போலத்தான், சடங்கு முடிந்ததும் மகாராஜா சீமைக்குப் போய்விடுவார், வயது வந்த பிறகுதான் சேர்ந்து வாழ்வார்கள் என்றார்கள். விக்கிரகம் எதுவும் இருக்காது என்றார்கள். கூச்பிகார் சமஸ்தானம், அங்கே 1872-ம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்பதும் ஒரு சௌகரியமாகப் பட்டது. ஒரு ராஜாங்கமே சீர்திருத்தத்துக்கு வந்துவிடும் என்ற ஆசையும் கேசவர் மனதில் இருந்திருக்கலாம். பெரிய இடத்துச் சம்பந்தம் என்றால் சும்மாவா என்று ஊர் வேறு காரணம் பேசியது. கேசவரோ, இது ஆண்டவன் தனக்கு இட்ட ஆணை என்றார். அந்த விளக்கம்தான் பலருக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

சேதி வெளியானதும் கல்கத்தாவில் அவருடைய தோழர்களே துடித்துப் போனார்கள். சிவநாத் சாஸ்திரி, ஆனந்தமோகன் போஸ், துர்காமோகன் தாஸ் முதலியவர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். 23 பேர் கையெழுத்திட்ட கடிதம் கேசவரிடம் போயிற்று. பதில் இல்லை.

இதை அவர்கள் ஏன் அவ்வளவு பெரிதாக எடுத்துக் கொண்டார்கள்? அவர்களில் பலர் இந்தச் சட்டத்துக்காக உறவு, சொத்து எல்லாவற்றையும் இழந்தவர்கள். நான் இந்து அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் முகத்தில் விழிக்க முடியாமல் இருந்தவர்கள். அவர்களை அந்த வழியில் நடத்தி வந்தவர், தன் வீட்டுக் காரியம் என்றதும் விலகிப் போகிறாரே! ஊருக்கு உபதேசம் என்று நம் பக்கத்தில் சொல்லுவார்களே, அந்தப் பழிக்குக் கேசவர் ஆளானார். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பழியைத் தவறு என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி கடைசியில் பெண்வீட்டார் ரயிலேறிக் கூச்பிகார் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே போன பிறகு அரண்மனைக்காரர்களின் பேச்சு மாறியது. புரோகிதர்கள் இல்லாமல் நடக்காது, ஹோமம் இல்லாமல் நடக்காது, கேசவர் மணவறைக்கு வரக் கூடாது என்றார்கள். சர்க்கார் கொடுத்த வாக்குறுதிகள் என்ன ஆயின? பேச்சு, தகராறு, மறுபடி பேச்சு என்று முகூர்த்த நேரம்வரை இழுபறி. மணப்பெண்ணை அழைத்துக் கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். கேசவர் திரும்பவில்லை. அதுவும் ஒரு முடிவுதான்.

கடைசியில் ஒரு சமரசம். கேசவரின் தம்பி கிருஷ்ண விகாரி சென் பெண்ணைக் கொடுத்தார். ஹோமம் தொடங்குமுன் சுநீதி எழுந்து உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை மட்டும் நெருப்பின் முன் உட்கார்ந்திருந்தார். பிரார்த்தனையால் நாட்டையே அழவைத்த தகப்பனாருக்கு, மகள் மணவறையில் வாய் திறந்து ஒரு பிரார்த்தனை சொல்ல வழி இல்லை.

கோவில் வாசலில் போலீஸ்

கேசவர் கல்கத்தா திரும்பினார். மார்ச் மாதமே சமாஜ மந்திரத்தில் கூட்டம் கூடியது. அவரை ஆசாரியர் பதவியில் இருந்து விலக்க வேண்டும் என்றார்கள் எதிர்க்கட்சியினர். கூச்சல், குழப்பம், யார் வேதிகையில் அமருவது என்ற போட்டி. பிரார்த்தனை மண்டபத்துக்குப் போலீசார் வரும்படி ஆயிற்று.

மே மாதம் 15-ந் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய கூட்டத்தில் சாதாரண பிரம்ம சமாஜம் என்று புதிய சபை தொடங்கினார்கள். சாதாரண என்றால் பொதுவான என்று பொருள். இனி எந்தத் தனி மனிதரின் ஆணைக்கும் கட்டுப்பட மாட்டோம், ஓட்டெடுத்து முடிவு செய்வோம் என்பது அதன் ஏற்பாடு. கேசவரின் இளைஞர்களில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. குருவை விட்டு ஒரு நாள் கேசவர் வெளியேறினார். பன்னிரண்டு ஆண்டில் அவரை விட்டு அவர் சீடர்கள் வெளியேறினார்கள்.

மகாராஜா சொன்னபடி சீமைக்குப் போனார். திரும்பி வந்து, இருவருக்கும் வயது நிரம்பிய பிறகு, 1880-ல் கேசவரின் மந்திரத்தில் பிரம்ம முறைப்படி இன்னொரு சடங்கு நடந்தது. அப்போதுதான் அவர்கள் கணவன் மனைவியாக வாழத் தொடங்கினார்கள். அந்த மட்டில் கேசவருக்குக் கொடுத்த ஒரு வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. ஆனால் உடைந்த சமாஜம் ஒட்டவில்லை.

கடைசி நாட்கள்

அதன்பின் கேசவர் எல்லா மதங்களின் சாரமும் ஒன்றே என்று நவ விதானம் என்ற புதிய சபையைக் கண்டார். 1875-லேயே அவருக்கு ராமகிருஷ்ண பரமஹம்சரின் பழக்கம் ஏற்பட்டிருந்தது. தட்சிணேசுவரத்தில் அதிகம் பேர் அறியாமல் இருந்த அந்த மகானைப் பற்றித் தம் பத்திரிகையில் எழுதி, படித்தவர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் கேசவர்தான். விக்கிரகம் வேண்டாம் என்றவரும் காளி பக்தரும் இணைபிரியாத நண்பர்கள்!

நீரிழிவு நோய் கேசவர் உடம்பை அரித்தது. 1883 நவம்பரில் ராமகிருஷ்ணர் அவரைப் பார்க்க வந்தார். கேசவர் சுவரைப் பிடித்துக் கொண்டு தள்ளாடி நடந்து வந்து வணங்கினார். முன்பு ஒரு முறை கேசவருக்கு உடம்பு சரியில்லாதபோது, இளநீரும் சர்க்கரையும் படைப்பதாகத் தேவியிடம் வேண்டிக் கொண்டவர் ராமகிருஷ்ணர்.

1884-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி கேசவ சந்திர சென் காலமானார். வயது 45.

சட்டம் நடந்த வழி

அவர் வாங்கித் தந்த சட்டம் அவரைவிட நீண்ட ஆயுள் பெற்றது. மத மறுப்புக் கையெழுத்துதான் அதில் முள்ளாக இருந்தது. 1923-ல் ஹரிசிங் கௌர் முயற்சியால் ஒரு திருத்தம் வந்தது. இந்து, பௌத்தர், சீக்கியர், ஜைனர் ஆகியோர் தங்களுக்குள் மணக்கும்போது மதத்தை மறுத்து எழுதித் தர வேண்டியதில்லை என்றாயிற்று. சுதந்திரத்துக்குப் பின், 1954-ல், பழைய சட்டம் போய் விசேஷத் திருமணச் சட்டம் வந்தது. எந்த மதத்தவரும் எந்த மதத்தவரையும், தம் மதத்தை விடாமலே, மணந்து கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இதே கேள்வி வேறு வழியாக வந்தது. 1920-களின் இறுதியில் இருந்து பெரியார் ஈ. வெ. ராமசாமியின் சுயமரியாதை இயக்கத்தார் புரோகிதர் இல்லாத கல்யாணங்களை ஆயிரக்கணக்கில் நடத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போகவில்லை. அந்தக் கல்யாணங்கள் செல்லாது என்று சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கேசவரின் இளைஞர்களுக்கு வந்த அதே இடி! 1967-ல் முதல்-அமைச்சர் அண்ணா இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். உறவினர், நண்பர் முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குத் தெரிந்த மொழியில் உறுதி சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக் கொண்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். ரிஜிஸ்திரார் கூடத் தேவையில்லை. மதத்தை மறுத்துக் கையெழுத்தும் இல்லை. அதற்குமுன் நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று சட்டமே சொல்லிவிட்டது. 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. தாத்தா பாட்டி ஆகிவிட்ட பல தம்பதிகள் அன்றுதான் சட்டப்படி கணவன் மனைவி ஆனார்கள்.

சுநீதி என்ன ஆனார்?

கூச்பிகாரின் மகாராணியாக வாழ்ந்தார். பெண்கள் படிப்புக்கு உதவினார். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி அவருடைய பேத்திதான். 1911-ல் சுநீதியின் கணவர் இறந்தார். 1921-ல் தம் வாழ்க்கையைத் தாமே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதி வெளியிட்டார். அதில், ஒரு சமாஜத்தையே இரண்டாக்கிய தம் கல்யாணத்தைப் பற்றியும் விரிவாகச் சொன்னார். 13 வயதில் மணவறையில் இருந்து எழுந்துபோன அந்தப் பெண், தகப்பனார்மீது ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் பக்கமே நின்று எழுதினார். 1932-ல் சுநீதி காலமானார்.